வண்டிக்கு முதல் வாற குரல்

போன மார்கழி விடுமுறைக்கு வீட்ட போயிருந்தபோது அம்மம்மாவின் பட்டன் போனில் 1990 எண்ட இலக்கத்தைப் பதிஞ்சு குடுக்க வெளிக்கிட்டேன். "அது என்ன நம்பர்?" எண்டு கேட்டா. அம்புலன்ஸ், காசு இல்லை, எந்த நேரமும் எடுக்கலாம் எண்டு விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "அவையளுக்கு வேற நம்பரே கிடைக்கேல்லையாமோ?" எண்டு மட்டும் கேட்டா.

மன்னார்த் தீவில் வளர்ந்த ஆக்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். எங்கட வீடுகளில் 1990 ஒரு இலக்கம் இல்லை, ஒரு வருசம். அந்த ஜூன் மாதத்தில் சண்டை திரும்பத் தொடங்கியது. தலைமன்னார் ரயில் நிண்டது, திரும்ப ஓட 2015 மார்ச் வரை எடுத்தது. தீவையும் பெருநிலப்பரப்பையும் இணைத்த, 1930இல் கட்டின பாலம் தகர்க்கப்பட்டது. ஆக்கள் வள்ளம் ஏறி ராமேஸ்வரம் போனார்கள். ஒக்ரோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினபோது மன்னார்த் தீவின் முஸ்லிம் குடும்பங்கள் கடல்வழியாகக் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கினார்கள். அம்மம்மாவின் பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தியும் அதில் போனவ. அந்த வருசத்தைக் கூப்பிட்டா உதவி வரும் எண்டு நான் சொல்ல, அவ எப்படி உடனே தலையாட்டுவா?

ஆனா நான் எழுத வந்தது அந்த இலக்கத்தை அழுத்தினபிறகு மற்றப் பக்கத்தில் வாற குரலைப் பற்றி.

இரண்டு வருசத்துக்கு முதல் எங்கட ஒழுங்கையில் ஒரு பொடியனுக்கு வலிப்பு வந்தது. ஆக்கள் கூடினதும் நடந்த முதல் வேலை திறப்புக் கோர்வை தேடினது. கையில் இரும்பு குடுக்கவேணுமாம். இன்னொராள் பல்லுக்கிடையில் வைக்கக் கரண்டி கொண்டுவரச் சொன்னார். இரண்டு பேர் காலை அமத்திப் பிடிச்சார்கள். அக்காதான் 1990க்கு எடுத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கத்தினா: "வாய்க்குள்ள ஒண்டும் வைக்க வேண்டாமாம்! பிடிச்சு அமத்த வேண்டாமாம்! சரிச்சுப் படுக்க வைக்கட்டாம்! எத்தனை நிமிசம் எண்டு பாக்கட்டாம்!" வண்டி வந்து சேர்ந்தபோது பொடியன் எழும்பி இருந்து தண்ணி கேட்டுக்கொண்டிருந்தான். பல் ஒண்டும் உடையேல்லை. கரண்டிக்காரர் கொஞ்சம் கோவமாத்தான் வீட்ட போனார்.

வரலாறு படிக்கிற ஆள் எண்டபடியா எனக்கு அண்டைக்கு இரவு வந்த கேள்வி இதுதான்: ஆள் வந்து சேர முதலே சொல்லால வைத்தியம் செய்யலாம் எண்டு முதலில் யாருக்குத் தோன்றியது?

போனுக்கு முந்தின கதை ஒண்டு இருக்கு. 1767இல் அம்ஸ்ரடாமில் தண்ணியில் மூழ்கினவர்களை மீட்பதற்கெண்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். கால்வாய்கள் நிறைஞ்ச நகரம், விழுந்து சாகிறவர்கள் கனபேர். வைத்தியர் வர முதல் பக்கத்தில் நிற்கிற சாதாரண ஆள் என்ன செய்யவேணும் எண்டு அவர்கள் அச்சடிச்சுப் பரப்பினார்கள், காப்பாற்றினவருக்குப் பரிசும் குடுத்தார்கள். உடம்பைச் சூடாக்கு, வாயால் காற்று ஊது எண்டதெல்லாம் அதில் இருந்தது. கூடவே, புகையிலைப் புகையைத் துருத்தியால ஆசனவாய்க்குள்ள ஊது எண்டதும் இருந்தது. சிரிக்காதேங்கோ, அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் அதை உண்மையிலேயே நம்பினார்கள். அந்த வருசம் மன்னார்க் கோட்டையில் பறந்ததும் ஒல்லாந்தக் கொம்பனியின் கொடிதான். 1658இல் போர்த்துக்கேயரிட்ட இருந்து பிடிச்சது, 1795இல் ஆங்கிலேயரிட்ட விட்டது. அம்ஸ்ரடாம் கால்வாய்க்கு எழுதின அந்தத் தாளில் ஒரு பிரதியாவது எங்கட கடற்கரைக்கு வந்திருக்குமா எண்டு யோசிச்சுப் பார்த்திருக்கிறேன்.

எங்கட பக்கத்தில் அப்ப வேற ஏற்பாடு. அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கிற நாட்களில் கரையில் 'கடல்கட்டி' எண்டு ஒராள் இருப்பார். சுறாக்களின் வாயைக் கட்டுறதுக்கு மந்திரம் ஓதுறது அவரின் வேலை. ஆங்கிலேய அரசாங்கம் மந்திரத்தை நம்பாவிட்டாலும் சம்பளம் குடுத்து அவரை வைத்திருந்தது, ஏனெண்டா அவர் இல்லாட்டி சுழியோடிகள் கடலில் இறங்கமாட்டார்கள். இதை மூடநம்பிக்கை எண்டு ஒரு வரியில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. சுறாவுக்கு அந்தக் குரலால ஒண்டும் ஆகியிருக்காது. ஆனா பயத்தில் நிற்கிற மனுசரை அசைய வைத்தது அது. போனில் கதைக்கிறவருக்கும் முதல் வேலை அதுதான், பதறுற ஆளின் கையை வேலை செய்ய வைக்கிறது. அவர் சொல்லுறது சோதிச்சுப் பார்த்ததாகவும் இருக்கவேணும் எண்டது பிறகு வந்து சேர்ந்த நிபந்தனை.

போன் 1876இல் வந்தது. மூண்டே வருசத்தில், 1879 நவம்பரில், லான்செற் மருத்துவ இதழ் ஒரு சின்னச் சம்பவத்தைப் பிரசுரித்தது. நடுச்சாமம், பிள்ளைக்குத் தொண்டை அடைப்பு நோய் எண்டு பயந்து ஒரு பாட்டி வைத்தியரை போனில் எழுப்புறா. அவர் வரேல்லை. பிள்ளையைப் போனடியில் தூக்கிப் பிடிக்கச் சொல்லி இருமலைக் கேட்டிட்டு, அது இல்லை, பயப்படாமல் படுங்கோ எண்டு சொல்லிவிட்டார். போன் வந்த வேகத்திலேயே இந்த யோசனையும் வந்துவிட்டது எண்டு நினைக்கத் தோன்றும். ஆனா அதுக்குப் பிறகு கிட்டத்தட்ட நூறு வருசம் இதை யாரும் ஒரு முறையாக்கேல்லை.

அவசர இலக்கம் எண்டதே பிந்தித்தான் வந்தது. 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு எரிஞ்சு அஞ்சு பெண்கள் செத்தார்கள். தீயைக் கண்டு போன் எடுத்த அயலவர் எக்ஸ்சேஞ்ச் வரிசையில் காத்துக்கொண்டு நிண்டார். அந்த ஆத்திரத்தில் அவர் பத்திரிகைக்கு எழுதின கடிதத்தில் தொடங்கின கதைதான் 1937 ஜூன் 30ஆம் திகதி 999 எண்ட இலக்கமாக முடிஞ்சது. ஆனா 999ஐ எடுத்தவரின் கடமை அழைப்பைச் சரியான இடத்துக்கு மாற்றி விடுறதோட சரி. 'வண்டி வருது' எண்டிட்டு வைச்சுவிடுவார்கள்.

இதில் தரையை விடக் கடல் முந்திக்கொண்டது. கப்பலில் ஒருத்தருக்கு வயித்துக்குத்து வந்தா எந்த வண்டியும் வராது. அதனால 1935இல் றோமில் குயிதோ குயிதா எண்ட வைத்தியர் சர்வதேச றேடியோ வைத்திய நிலையத்தைத் தொடங்கினார். நடுக்கடலில் இருந்து அறிகுறிகளைச் சொல்ல, கரையில் இருந்து வைத்தியர் பதில் அனுப்புவார், இலவசமாக. அதன் முதல் தலைவர் மார்க்கோனி. பேசாலையில் எங்கட மாமா ஆக்களின் பைபர் போட்டில் இருக்கிற ஒரே றேடியோ பாட்டுக் கேக்கிற றேடியோ எண்டது வேற கதை.

தரையில் இது பிந்தினதுக்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. போனில் சொல்லிக் குடுக்கக் கூடிய அளவுக்கு எளிய வைத்தியம் வேணுமே! நிண்டுபோன இதயத்துக்கு நெஞ்சை வெளியில் இருந்து இரண்டு கையாலும் அமத்தினா இரத்தம் ஓடும் எண்டதை பால்ற்றிமோரில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் எண்ட மூண்டு பேர் எழுதினது 1960இல். வாயோடு வாய் வைத்து மூச்சுக் குடுக்கிறது அதுக்குச் சில வருசம் முதல்தான் ஒழுங்கா நிறுவப்பட்டது. அதன்பிறகு கத்தியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், இரண்டு கை இருந்தாப் போதும்.

அப்பவும் போன் எடுக்கிறவரின் வேலை மாறேல்லை. 1970களின் நடுவில், அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத் தீயணைப்புப் பிரிவில், மூச்சில்லாத கைக்குழந்தையோட ஒரு தாய் எடுத்த அழைப்பில் பில் ரூன் எண்ட மருத்துவ உதவியாளர் குறுக்கிட்டு, என்ன செய்யவேணும் எண்டு ஒவ்வொண்டாச் சொல்லிக் குடுத்தார். அவரிட்ட எழுதின முறை எதுவும் இல்லை. அந்த நேரம் வாயில் வந்ததைச் சொன்னார், குழந்தை பிழைச்சது. அதைத் தொடர்ந்து சோல்ற் லேக் சிற்றியில் ஜெஃப் குளோசன் எண்ட வைத்தியர் 1970களின் கடைசியில் ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு அட்டை எழுதினார்: என்ன கேக்கவேணும், பதிலுக்கு என்ன சொல்லவேணும் எண்டு. எதிர்ப்பு வந்தது. கண்ணால் காணாத நோயாளிக்கு வைத்தியரல்லாத ஒராள் எப்படிச் சொல்லலாம், பிழைச்சா வழக்கு வருமே எண்டார்கள். சொல்லாமல் விட்டா ஆள் சாகும் எண்டதை ஒருத்தரும் கணக்கில் எடுக்கேல்லை.

1980களின் தொடக்கத்தில் சியாற்றிலைச் சுற்றின கிங் கவுண்டியில் மிக்கி ஐசன்பேர்க் குழு இதை ஒழுங்கா அளந்து பார்த்து 1985இல் பிரசுரித்தது. அங்கே கேள்விகளை இரண்டாகக் குறைச்சார்கள். ஆள் நினைவோட இருக்கிறாரா? ஒழுங்கா மூச்சு விடுறாரா? இரண்டுக்கும் 'இல்லை' எண்டா யோசிக்காமல் நெஞ்சை அமத்தத் தொடங்கு. இதயம் நிண்டபிறகு ஒண்டும் செய்யாமல் போகிற ஒவ்வொரு நிமிசத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு ஏழில் இருந்து பத்து வீதம் குறையுது. மன்னார் ரவுணில் இருந்து தலைமன்னார்ப் பியருக்குக் கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர். ரவுணில் நிற்கிற வண்டி எவ்வளவு வேகமா ஓடினாலும் அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. ஆக, அந்த அரை மணித்தியாலத்தில் தலைமன்னாரில் உண்மையா வேலை செய்யக்கூடியது போன் மட்டும்தான்.

2010இல் ஒரு திருப்பம். போனில் வழிகாட்டேக்க வாயால் மூச்சும் குடுக்கச் சொல்லவேணுமா, நெஞ்சை மட்டும் அமத்தச் சொன்னாப் போதுமா எண்டு இரண்டு பெரிய ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளிவந்தன. அமெரிக்காவிலும் லண்டனிலும் 1941 பேர், சுவீடனில் 1276 பேர். நெஞ்சை மட்டும் அமத்தினதால நட்டம் எதுவும் தெரியேல்லை. சொல்லவும் சுகம், செய்யவும் சுகம், முன்பின் தெரியாதவரின் வாயில் வாய் வைக்கவும் தேவையில்லை. உலகம் முழுக்க 'கையால் மட்டும்' எண்ட செய்தி பரவினது.

நல்ல செய்திதான். ஆனா அந்த ஆய்வுகளில் தண்ணியில் மூழ்கினவர்களைச் சேர்க்கேல்லை. நகரத்தில் திடீரெண்டு விழுறவரின் இரத்தத்தில் இன்னும் ஒட்சிசன் இருக்கும், சுத்தவிட்டாப் போதும். தண்ணியில் மூழ்கினவருக்கு மூச்சு முட்டித்தான் இதயம் நிற்குது, அவரின் இரத்தத்தில் சுத்தவிட ஒண்டும் மிச்சமில்லை. அவருக்கு மூச்சும் குடுக்கவேணும், அதுவும் முதலில். கிணத்துக்குள்ள விழுற பிள்ளைக்கும் அதேதான். மூண்டு பக்கம் கடலும் முற்றத்தில் கிணறும் உள்ள எங்கட ஊருக்கு இந்த வித்தியாசம் சின்னது இல்லை. வயித்தை அமத்தித் தண்ணி எடுக்கிறது, காலைப் பிடிச்சுத் தலைகீழாச் சுத்துறது எல்லாம் இன்னும் எங்கட கரைகளில் நடக்குது. அம்ஸ்ரடாமின் புகைத் துருத்தியைப் பார்த்துச் சிரிச்ச நாங்கள் அதையும் பார்க்கவேணும்.

இந்த முறை எங்களிட்ட வந்து சேர்ந்தது ஹைதராபாத் வழியாக. 2005 ஓகஸ்ட் 15இல் அங்கே 108 தொடங்கியது. தொடக்கினவர் சத்யம் கொம்பனியின் ராமலிங்க ராஜு. 2009இல் அவரின் கணக்கு மோசடி வெளிவந்து கொம்பனி கவிழ்ந்தபிறகு சேவை ஜிவிகே எண்ட வேறொரு கொம்பனியின் கையில் போனது. தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கினது 2008 செப்ரெம்பரில். இலங்கைக்கு 2016 ஜூலையில் இந்திய நன்கொடையாக 88 வண்டிகள் வந்தன, மேல் மாகாணத்துக்கும் தென் மாகாணத்துக்கும் மட்டும். அப்ப தெற்கில் எழும்பின எதிர்ப்பை இப்ப கனபேர் மறந்திட்டார்கள். இந்தியாவின் உளவு வேலை, எங்கட ஆஸ்பத்திரிகளுக்கு ஆபத்து எண்டெல்லாம் கதை வந்தது. முதல் ஆக்களுக்கு ஹைதராபாத்தில் பயிற்சி எண்டதும் அந்தக் கதைக்கு வசதியாப் போச்சு. 2018இல் 'சுவசெரிய' மன்றத்துக்கெண்டு தனிச் சட்டமே வந்தது. அந்த ஜூலை 21இல் யாழ்ப்பாணத்தில் விழா வைத்து, மோடி டெல்லியில் இருந்து காணொளியில் பேச, சேவை வடக்குக்கு வந்தது. 88ஓட 209 சேர்ந்து நாடு முழுக்க 297 வண்டிகள். எதிர்த்தவர்களின் ஊரிலும் இப்ப அந்த வண்டி ஓடுது.

அழைப்பு எல்லாம் போய்ச் சேருறது ஒரே இடத்துக்கு, கொழும்புக்குப் பக்கத்தில் ராஜகிரியவுக்கு. மன்னாரில் இருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல. மூண்டு மொழியிலும் கதைக்கலாம். இதை நான் சாதாரணமா எழுதிவிட்டேன், ஆனா இது சாதாரணம் இல்லை. 1987இல் 13ஆம் திருத்தத்தோட தமிழ் அரசகரும மொழி ஆனது. அதுக்குப் பிறகு பிறந்த எனக்கும், ஒரு அரச அலுவலகத்துக்குப் போன் எடுத்து, சிங்களத்தில் பதில் வந்து, விளங்காமல் வைச்ச அனுபவம் இருக்கு. படிவம் எண்டா நாளைக்கு மொழிபெயர்த்துக் கொள்ளலாம். நெஞ்சை எந்த இடத்தில் அமத்திறது எண்டதை நாளைக்குக் கேக்க ஏலாது.

தமிழ் எண்டு சொன்னாலும் எந்தத் தமிழ் எண்ட கேள்வி மிஞ்சுது. இதில்தான் எனக்கு ஆகப் பெரிய அக்கறை. இந்தியாவில் 'பக்கவாதம்' எண்டா எங்களுக்குப் 'பாரிசவாதம்'. அங்கே 'வலிக்குதா?' எண்டு கேட்டா நாங்கள் 'நோகுதா?' எண்டு கேப்போம். எங்கட கிழவியளுக்கு 'வலி' எண்டா முதலில் மனசில் வாறது வலிப்பு. இதெல்லாம் சமாளிக்கக் கூடியது. ஆனா கிங் கவுண்டியின் இரண்டாவது கேள்வியை எடுங்கோ: மூச்சு விடுறாரா? இதயம் நிண்டபிறகும் சிலபேருக்குக் கொஞ்ச நேரம் இடைக்கிடை கொர்ரெண்டு ஒரு இழுப்பு வரும். அது மூச்சு இல்லை, மூளையின் கடைசி உதறல். போனில் நிற்கிற ஆள் அதைப் பார்த்திட்டு "ஓம், மூச்சு இருக்கு" எண்டு சொல்லிவிட்டா, நெஞ்சை அமத்தத் தொடங்கிறது தள்ளிப்போகும். உலகத்தில் எல்லா அழைப்பு நிலையங்களும் தடுக்கி விழுற இடம் இது.

எங்கட பாட்டிமாருக்கு அதுக்கு அச்சொட்டா ஒரு சொல் இருக்கு: சேடம் இழுக்குது. ஒரு சாவீட்டில் கேட்டுப் பாருங்கோ, "விடியப்புறம் சேடம் இழுக்கத் தொடங்கினது" எண்டு சொல்லுவினம். மூச்சு விடுறதும் சேடம் இழுக்கிறதும் ஒண்டில்லை எண்டு அவைக்குத் தெரியும். 'சாதாரணமா மூச்சு விடுறாரா?' எண்டு கேக்கிறதை விட 'மூச்சு விடுறாரா, இல்லாட்டி சேடம் இழுக்குதா?' எண்டு கேட்டா தலைமன்னாரில் ஒரு அம்மா பிழையான பதில் சொல்ல மாட்டா. ஒரு சிக்கல் மட்டும்: எங்கட ஊரில் சேடம் இழுக்குது எண்டா செபம் சொல்லத் தொடங்கிற நேரம், கைவிட்டிட்ட நேரம். கன நாள் படுக்கையில் கிடந்த கிழவருக்கு அது சரி. வலை இழுத்துக்கொண்டு நிண்டு விழுந்த நாற்பது வயசு ஆளுக்கு அதே இழுப்புத்தான் இரண்டு கையையும் நெஞ்சில் வைக்கவேண்டிய நேரம். அந்த அட்டையை எழுதிற வேலை எனக்குக் கிடைச்சா இதைத்தான் முதல் வரியில் எழுதுவேன். கலைப்பீடத்தில் படிச்சு என்ன செய்யப்போறாய் எண்டு கேக்கிற சொந்தக்காரருக்கும் அதையே சொல்லலாம்.

இன்னொரு விசயம் இடம் சொல்லுறது. எங்கட ஊரில் ஒருத்தரும் வீட்டு இலக்கம் சொல்லுறதில்லை. "அந்தோனியார் கோயிலுக்குப் பின்னால, வாடிக்குப் போற ஒழுங்கை, பனை ரெண்டு நிக்கும்" எண்டுதான் சொல்லுவோம். ராஜகிரியவில் இருக்கிறவருக்கு அந்தப் பனையைத் தெரியாது. போன் செயலியில் இடத்தை அனுப்பலாம், ஆனா அம்மம்மாவின் பட்டன் போனில் செயலி இல்லை. அதனால வீட்டில் ஒரு தாள் எழுதி ஒட்டியிருக்கிறேன்: கிராம அலுவலர் பிரிவு, பிரதான வீதியில் கிட்ட இருக்கிற பெரிய அடையாளம், அதில் இருந்து எத்தனை மீற்றர், எந்தப் பக்கம். சண்டைக் காலத்தில் உயிலங்குளம் சோதனைச்சாவடியில் காட்டப் பேர், இலக்கம், விலாசம் எல்லாம் பாடமாக்கி வைத்திருந்த தலைமுறைக்கு, அந்தத் தாளைப் பார்க்க வேற ஞாபகங்கள் வரும் எண்டு எனக்கு ஒட்டினபிறகுதான் உறைச்சது. அம்மா ஒண்டும் சொல்லேல்லை. தாள் இன்னும் இருக்கு.

2010 மார்ச்சில் புதுப் பாலம் திறந்தது. இருபது வருசம் கழிச்சு. இப்ப மன்னாரில் இருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ நோயாளியை ஏற்றிக்கொண்டு வண்டி நிக்காமல் போகுது. அம்மம்மா வாசலில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டா சிலுவை போட்டிட்டு, "ஆரோ?" எண்டு கேப்பா.

அவவின் போனில் அந்த இலக்கத்தை ஒண்டாம் பட்டனில் போட்டுக் குடுத்திருக்கிறேன், கன நேரம் அமத்திப் பிடிச்சாப் போதும். பட்டன் பழுதானா என்ன செய்வாய் எண்டு அவவே கேட்டு, இலக்கத்தையும் பாடமாக்கினா. ஆயிரத்தித் தொளாயிரத்தித் தொண்ணூறு எண்டு நான் சொன்னதை அவ ஒரு தரமும் திருப்பிச் சொல்லேல்லை. விரலை மடக்கி மடக்கி, "ஒண்டு, ஒன்பது, ஒன்பது, சைபர்" எண்டுதான் சொல்லுறா.